வராத வாக்குகளுக்கு நான் எழுதிய காரணம்

தேர்தல் முடிந்து, வென்றவர் பட்டாசு கொளுத்தி, தோற்றவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் எங்களுக்கு வேலை தொடங்கும். எங்களுக்கு என்றால் கிளாக்கர்மாருக்கு. எந்த வாக்குச்சாவடியில் எத்தனை பேரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருந்தது, எத்தனை பேர் வந்து வாக்களித்தார்கள், அது நூற்றுக்கு எவ்வளவு என்று ஒரு நீளத் தாளில் நிரப்பி மேலே அனுப்ப வேண்டும். தாளின் வலது ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். வாக்கு குறைந்த சாவடிகளுக்கு அந்தக் கட்டத்தில் ஒரு காரணம் எழுதியே தீர வேண்டும். காலியாக விட்டால் தாள் திரும்பி வந்துவிடும்.

தொண்ணூறுகளில் மலைநாட்டு அரசாங்க அலுவலகம் ஒன்றில் நான் அந்தத் தாளை நிரப்பிக்கொண்டிருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்கே இப்போது இருக்கிறவர்கள் என்னமோ தங்களைத் திட்டுவதாக எடுத்துக்கொள்வார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து அரசாங்க நாற்காலிக்குப் போன முதல் பெண் என்று எங்கள் தோட்டத்தில் என்னைப் பெருமையாகச் சொன்னார்கள். அலுவலகத்தில் "தோட்டத்துப் பிள்ளை" என்றார்கள். அதுவும் பெருமைதான் என்று கொஞ்ச காலம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை அந்தத் தாள் என் மேசைக்கு வந்தபோது பெரிய கிளாக்கர் பழைய கோப்பு ஒன்றையும் கூடவே தூக்கி வைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனிதர் இல்லை. யாருக்கும் லீவு மறுத்ததில்லை, யாருடைய தேநீரையும் குடித்ததில்லை. ஆனால் ஒரு வார்த்தை ஒருமுறை கோப்பில் ஏறிவிட்டால் அவருக்கு அது வேதம்.

"போன முறை எழுதினதைப் பாத்து அப்பிடியே எழுதும் பிள்ளை. உதுக்கெல்லாம் மண்டையை உடைக்கத் தேவையில்லை."

பார்த்தேன். டவுன் பாடசாலைச் சாவடியில் வாக்கு குறைந்ததற்கு 'பலத்த மழை' என்று எழுதியிருந்தது. இன்னொன்றுக்கு 'மண்சரிவினால் வீதித் தடை'. தோட்டங்களுக்கு வந்ததும் ஒரே வரி, கீழே வரைக்கும், மேலே உள்ளபடி, மேலே உள்ளபடி என்று குறியிட்டுக்கொண்டு போயிருந்தது: 'தோட்டப் பகுதி. வாக்காளரின் அக்கறையின்மை.' அதற்கு முந்தின தேர்தலின் கோப்பையும் இழுத்துப் பார்த்தேன். அதிலும் அதே வரிதான் இருந்தது.

அதே மழை எங்கள் தோட்டம் இருக்கும் அக்கரப்பத்தனைப் பக்கத்திலும்தான் கொட்டியிருக்கும். டவுனில் பெய்தால் மழை, தோட்டத்தில் பெய்தால் அக்கறையின்மை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கோப்பைப் படாரென்று மூடினேன். பக்கத்து மேசைக்காரி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

தாளைத் தொடர்ந்து பார்த்தபோதுதான் விஷயம் வெறும் அவமானத்தோடு நிற்கவில்லை என்று தெரிந்தது. வாக்கு குறைந்த சிறிய சாவடிகளை அருகிலுள்ள பெரிய சாவடியோடு சேர்க்கலாம் என்று மேலிருந்து ஒரு யோசனை வந்திருந்தது. சேர்க்க வேண்டியவற்றின் பட்டியலில் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடமும் இருந்தது. சேர வேண்டிய இடம் டவுன் பாடசாலை, ஐந்து மைல் தூரம்.

அம்மா அப்போதும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். தேர்தல் நாளில் அம்மாவும் மற்றப் பெண்களும் எப்படி வாக்களிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். காலையில் மலைக்குப் போய், பறித்த கொழுந்தின் முதல் நிறுவை முடிந்ததும் கூடையை முதுகில் போட்டபடியே பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். கூடைகளைச் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போய், வாக்கைப் போட்டுவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குத் திரும்பிவிடுவார்கள். வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் பால்குடிப் பிள்ளை அழுது முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சாவடி டவுனுக்குப் போனால் அன்றைய வேலை போகும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் போக வர பத்து மைல் நடக்க வேண்டும். எத்தனை பேர் போவார்கள்? அடுத்த முறை தாளில் உண்மையாகவே வாக்கு இருக்காது. அப்போது 'அக்கறையின்மை' என்று எழுதியது சரிதான் என்று ஆகிவிடும்.

பெரிய கிளாக்கரிடம் போய் நின்றேன். எங்கள் தோட்டத்துச் சாவடியைத் தூக்கக் கூடாது என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் தூக்கேல்லைப் பிள்ளை. நூற்றுவீதம் தூக்குது. இடாப்பிலை ஊரிலை இல்லாத ஆக்களின்ரை பேரெல்லாம் கிடக்கும். அதுகளை வெட்டுவிச்சால் வீதம் தன்ரை பாட்டிலை ஏறும். பெயர் நீக்கிற படிவம் அலுமாரிக்குள்ளை கிடக்கு, வேணுமெண்டால் கொண்டுபோம்."

எனக்கு அது தங்கமான யோசனையாகப் பட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஊரில் இல்லாத பெயர்களால் எங்களுக்கு என்ன பிரயோசனம்? படிவங்களை ஒரு கட்டாக எடுத்துப் பைக்குள் வைத்தேன். எல்லோரும் பார்ப்பதற்காக ஒட்டப்பட்ட இடாப்பின் பிரதி ஒன்றையும் வாங்கிக்கொண்டேன். யார் வாக்களித்தார், யார் வரவில்லை என்று குறியிட்ட இடாப்பு முத்திரையோடு பெட்டிக்குள் போய்விடும், அதை யாரும் தொட முடியாது. அதனால் யார் வரவில்லை என்பதை ஊரில்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். லயம் லயமாக ஏறி இறங்கினால் ஒரு மாதம் ஆகும். எல்லோரும் ஒன்றாக நிற்கும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, பெரட்டுக்களம்.

பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடம். கணக்குப்பிள்ளை பெயரை வாசிப்பார், இருக்கிறவர்கள் குரல் கொடுப்பார்கள், யார் எந்த மலைக்கு என்று சொல்லுவார், கலைவார்கள். நான் லீவு போட்டுவிட்டு அந்தச் சனிக்கிழமை விடியலில் போய் நின்றேன். கணக்குப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கால் மணி நேரந்தாம்மா. தொர வந்துட்டா ஏச்சு எனக்குத்தான்."

கால் மணி நேரம் முக்கால் மணி நேரம் ஆயிற்று. இடாப்பைப் பிரித்து முதலாம் லயத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். தேர்தல் முடிந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. வாக்களித்தவர்கள் இடது கைச் சின்னவிரலைத் தூக்கிக் காட்டுங்கள் என்று சொன்னேன். பெண்கள் தூக்கினார்கள். கொழுந்துக் கறை ஏறி எல்லா விரலும் ஒரே கறுப்பாக இருந்தது.

"எது மையி, எது கறைன்னு நீயே பாத்துக்க புள்ள" என்று ஒருத்தி சொல்ல, களமே சிரித்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். நகக்கண்ணில் ஊதா நிறம் இருந்தது. ஒவ்வொருத்திக்கும் இருந்தது. பிரசவத்துக்கு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒருத்தியைத் தவிர, தோட்டத்தில் இருந்த பெண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வாக்களித்திருந்தார்கள். இதுதான் எங்கள் அக்கறையின்மை.

ஆண்களின் பெயர்களை வாசிக்கும்போதுதான் வேறு குரல் வந்தது. பெயருக்குரியவன் பதில் சொல்லவில்லை. கூட்டத்துக்குள்ளிருந்து அவனுடைய தாயோ அக்காவோ சொன்னாள்.

"கொழும்பு."

அடுத்த பெயரை வாசித்தேன். "கொழும்பு, சாப்பாட்டுக் கடை." அதற்கடுத்தது. "கொழும்புங்க." ஒரு கிழவருக்கு மட்டும் "செத்துட்டாரு" என்றார்கள். மறுபடி கொழும்பு, கொழும்பு. பத்துப் பெயருக்கு நாலு பெயர் அப்படிப் போயிற்று. பலசரக்குக் கடை, புடவைக் கடை, ஹோட்டல், பெரிய வீடுகளில் தோட்ட வேலை. முதலாளிமார் வாக்களிக்க லீவு கொடுப்பதில்லை. கொடுத்தாலும் பஸ்ஸிலும் ரயில் கோச்சியிலும் ஏறி, யுத்த காலத்தில் வழியெல்லாம் இறங்கிச் சோதனைக்கு நின்று, ஒரு நாளில் வந்து திரும்ப முடியாது. நான் மும்முரமாக ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனேன். வெட்டினால் வீதம் எங்கே போய் நிற்கும் என்று மனசுக்குள் கணக்கும் ஓடியது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

வாசித்து முடித்துப் படிவக் கட்டை வெளியே எடுத்தேன். கொழும்பில் இருப்பவர்களின் பெயர்களை நீக்கினால் சாவடி நம் பள்ளிக்கூடத்திலேயே இருக்கும், வீட்டில் இருக்கிற ஒருவர் கைநாட்டோ கையெழுத்தோ வைத்தால் போதும் என்று விளக்கினேன். ஒருவரும் அசையவில்லை. அம்மாதான் முன்னால் வந்தாள். தலையில் துணி, இடுப்பில் சாக்குப் படங்கு, கையில் காலிக் கூடை.

"வெட்டவா வந்த?"

"அம்மா, இது வெட்டுறதில்ல. சரிபண்றது."

"ஒந்தம்பி பேரு இருக்குல்ல இதுல. அவனுக்கு ஒரு கடுதாசி கொண்டாந்தியா?"

அவனுக்கென்று நான் ஒன்றும் கொண்டு போகவில்லை. மற்றப் பெயர்களுக்கெல்லாம் பென்சிலில் கோடு போட்டுக்கொண்டு வந்த கை, தம்பியின் பெயர் வந்ததும் தாண்டிப் போயிருந்தது. அதைத் தெரிந்துதான் செய்தேனா, தெரியாமல் செய்தேனா என்று கேட்டால், தெரிந்துதான். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முந்தின வருடம் கொழும்பில் தமிழ்ப் பையன்களைப் பிடித்த ஒரு சுற்றிவளைப்பில் பொலிஸார் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் ஒரு புடவைக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவன். அடையாள அட்டை இருந்தது, போதவில்லை. நானும் அம்மாவும் இரவோடிரவாகக் கொழும்புக்குப் போகாமல், முதலில் கிராம சேவகரைத் தேடிப் போனோம். அவர் இடாப்பைத் திறந்து, விரலை வைத்துத் தேடி, தம்பியின் பெயரைக் கண்ட பிறகுதான் கடிதம் எழுதினார். பொலிஸில் இருந்தவர் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா? இருக்கிறது என்றேன். சாயங்காலம் தம்பி வெளியே வந்தான். கடிதம் எழுதியது கிராம சேவகர்தான் என்றாலும், அவனை வெளியே கொண்டுவந்தது அந்தப் பெயர்தான்.

இது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், களத்தில் நின்ற ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். வீதத்தை ஏற்றுகிற வெறியில் நான்தான் மறந்தவள் மாதிரி நடித்திருக்கிறேன். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

அம்மா என்னிடம் பேசவில்லை, எல்லோருக்கும் கேட்கப் பேசினாள்.

"எங்கப்பா காலத்துல ஒரு தடவ, தோட்டத்து ஆளுங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லன்னு பேர வெட்டுனாங்க. மறுபடி ஏத்துறதுக்கு நாப்பது வருஷம் ஆச்சு. இப்ப நாமளே வெட்டிக் குடுக்கணுமா? டவுனுக்கு நடக்கணும்னா நடக்குறோம். நடந்தா நம்ம காலு வலிக்கும், அவ்வளவுதான். பேர வெட்டுனா புள்ள உள்ள கெடப்பான்."

"ஆமா, நடப்போம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அப்புறம் நாலைந்து குரல். கணக்குப்பிள்ளை போதும் போதும் என்று கையைத் தட்டினார். கூட்டம் மலைக்குக் கலைந்தது. படிவக் கட்டை நான் பைக்குள் திணித்தேன். அன்று மத்தியானம் அம்மாவின் அடுப்புக்கு அது உதவியது.

திங்கட்கிழமை குறிப்புக் கட்டத்தில் நானே எழுதினேன்: 'தோட்டத்தில் இருந்த பெண்கள் அனைவரும் வாக்களித்தனர். வராதவர்கள் கொழும்பில் வேலை செய்யும் ஆண்கள். அவர்களுக்கு விடுமுறை இல்லை.' கட்டம் சின்னது, எழுத்து கோட்டைத் தாண்டி வெளியே போயிற்று. பெரிய கிளாக்கர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஊரிலை இல்லாத ஆக்களெண்டு நீரே எழுதித் தாறீர். அப்ப ஏன் அவையின்ரை பேரை வெட்டேல்லை எண்டு மேலை கேப்பாங்கள்."

அவருடைய சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் உறை எப்போதும் இருக்கும். கொழும்புக்குப் போகும்போது வழிச் சோதனையில் காட்டுவதற்கான கடிதங்கள் அதற்குள் இருந்தன. ஊரில் பெயர் இருக்கிறது, இங்கே வேலை செய்கிறார், இன்ன வீட்டில் தங்குவார் என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கடிதம். நான் அந்தப் பையைப் பார்த்தேன்.

"சேர், நீங்களும் ஊர்ல இல்லதானே. ஒங்க பேர ஊர் இடாப்புல இருந்து வெட்டச் சொன்னா வெட்டுவீங்களா?"

அவர் முகம் சிவந்தது. அது வேறை, இது வேறை என்றார். என்ன வேறை என்று சொல்லவில்லை. நான் எழுதியதன் மேல் ஒரு தாளை ஒட்டி, தன் கையாலேயே 'அக்கறையின்மை' என்று எழுதி அனுப்பினார். அந்தக் கீழ்வரியில் நான் சுருக்கொப்பம் வைக்க மறுத்துவிட்டேன். வேலையில் நிரந்தரமாகும் கடிதம் எனக்கு ஒரு வருடம் பிந்தி வந்தது. காரணம் இதுதான் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாவடி போய்விட்டது.

தொண்ணூறுகள் முடியும் தறுவாயில் அடுத்த பெரிய தேர்தல் வந்தது. எனக்கு அந்த டவுன் பாடசாலையிலேயே கடமை விழுந்தது. எங்கள் தோட்டத்துக்குத் தனி மேசை, தனி இடாப்பு, தனிப் பெட்டி. பெயரை உரக்க வாசிப்பது என் வேலை. ஏழு மணிக்குக் கதவைத் திறந்தோம். எட்டு மணிக்கு என் மேசைக்கு ஒருவரும் வரவில்லை. ஒன்பதுக்கும் இல்லை. மழை விடாமல் பெய்தது. வாக்காளர்களை வாகனத்தில் ஏற்றி வருவது சட்டப்படி குற்றம், அதனால் தோட்டத்து லொறி வராது. அந்தப் பாதையில் அன்று பஸ்ஸும் ஓடவில்லை. பொறுப்பாக இருந்த அலுவலர் நல்ல மனிதர். இன்று உங்களுக்கு ஓய்வு நாள் என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. அம்மா மேல்கூடக் கோபம் வந்தது. நடக்கிறோம் என்று களத்தில் சொல்வது சுலபம், இந்த மழையில் யார் நடப்பார்கள் என்று நினைத்தேன்.

பத்தரை மணிக்குச் சத்தம் கேட்டது. முதலில் சத்தம்தான், பனிமூட்டத்தில் ஆள் தெரியவில்லை. எங்கள் பெண்கள் வாயை மூடிக்கொண்டு நடந்ததாகச் சரித்திரமே இல்லை. பிறகு வாசலில் தெரிந்தார்கள். தலையில் சாக்கு, இடுப்பில் பிள்ளை, முழங்கால் வரைக்கும் சேறு, அட்டை கடித்த இடத்திலிருந்து வழிந்த இரத்தம். வந்தவர்கள் உள்ளே வரவில்லை. பள்ளிக்கூடத்து மண்டபத்தை அசிங்கமாக்கக் கூடாதாம். முற்றத்துக் குழாயடியில் வரிசையாக நின்று கால் கழுவத் தொடங்கினார்கள். வாக்குப் போடும் வரிசையை விடக் குழாயடி வரிசை நீளமாக இருந்தது. சிரித்த அலுவலர் எழுந்து போய் வாசலில் நின்று பார்த்தார். திரும்பி வந்தபோது சிரிக்கவில்லை.

அம்மா வந்தாள். வாக்காளர் அட்டையை நீட்டினாள். இலக்கத்தைச் சொல்லி, அம்மாவின் பெயரை நான் உரக்க வாசிக்க வேண்டும். பெற்ற தாயின் பெயரை அதற்கு முன் நான் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. ஆனாலும் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன்.

"இருக்கேங்க!" என்றாள் அம்மா, பெரட்டில் சொல்கிற அதே குரலில். உள்ளே உட்கார்ந்திருந்த கட்சி முகவர்கள் சிரித்தார்கள். அம்மாவுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே சொன்னார்கள். வாசிக்க வாசிக்க, இருக்கேங்க, இருக்கேங்க என்று வந்துகொண்டே இருந்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு அடுத்த பெயரை வாசித்தேன்.

நாலு மணிக்குக் கதவைச் சாத்தி இடாப்பைப் புரட்டினோம். பெண்களின் பெயர்களில் மிச்சம் இருந்ததை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆண்களின் பெயர்களில் கொழும்பு அப்படியே இருந்தது. வெட்டப்படாமல், வராமல், தம்பியின் பெயர் உட்பட. ஆக, நூற்றுவீதம் போன தடவை எங்கே நின்றதோ கிட்டத்தட்ட அங்கேயேதான் நின்றது. தாளை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு அன்று அந்த மலைப்பாதையில் எதுவுமே நடக்கவில்லை.

அடுத்த கிழமை தாள் என் மேசைக்கு வந்தது. பழைய கோப்பும் கூடவே வந்தது. கோப்பை நான் திறக்கவில்லை. குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: 'வாக்குச்சாவடி ஐந்து மைல் தள்ளி வைக்கப்பட்டது. பெண்கள் மழையில் நடந்து வந்து வாக்களித்தனர். ஆண்களுக்குக் கொழும்பில் விடுமுறை இல்லை. அக்கறை இல்லாதது வாக்காளருக்கு அல்ல.' இந்த முறை கோட்டுக்குள் அடங்கும்படி பொடி எழுத்தில் எழுதி, கீழே என் சுருக்கொப்பத்தையும் வைத்தேன்.

பெரிய கிளாக்கர் அதை இரண்டு தடவை படித்தார். ஓய்வுபெற அவருக்கு இன்னும் கொஞ்ச மாதங்களே இருந்தன. மேலே ஒட்டுவதற்குத் தாள் எடுப்பார் என்று காத்துக்கொண்டு நின்றேன். எடுக்கவில்லை.

"கடைசி வரியை மேலை வெட்டிப்போடுவாங்கள், பிள்ளை."

"வெட்டட்டும் சேர். வெட்டுறதுக்காச்சும் ஒருக்கா படிச்சுத்தானே ஆகணும்."

அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.